சாய்ந்த அபட்மென்டா, எலும்பு ஒட்டிய நேர் இம்ப்ளான்டா?

களக்காட்டுப் பக்கம் ஏத்தன் வாழை போட்டிருக்கும் அண்ணாச்சி ஒருவர், மேல் முன்பல் ஒன்று விழுந்து மூன்று ஆண்டு கழித்துப் பாளையங்கோட்டையில் என்னிடம் வந்தார். ஸ்கேனில், உதட்டுப் பக்கத்து எலும்புச் சுவர் கரைந்திருந்தது. மிஞ்சியதும் முன்னோக்கிச் சாய்ந்திருந்தது. வழி இரண்டு. எலும்புக்குள் பல்லின் வேருக்குப் பதிலாக வைக்கும் டைட்டானியத் திருகுதான் இம்ப்ளான்ட்; அதையும் செயற்கைப் பல்லையும் இணைக்கும் துண்டு அபட்மென்ட். அந்தச் சாய்விலேயே இம்ப்ளான்டை இறக்கி, மேலே 15 டிகிரி வளைந்த அபட்மென்ட் வைத்துப் பல்லை வரிசைக்குக் கொண்டுவரலாம். அல்லது எலும்புத் தூள் வைத்து மேடு கட்டி (இதுதான் எலும்பு ஒட்டு), அது கெட்டிப்பட்ட பிறகு இம்ப்ளான்டை நேராக இறக்கலாம். சாய்த்து வைத்தால் எலும்பு கரைந்துவிடும் என்று யாரோ அவரைப் பயமுறுத்தியிருந்தார்கள்.

பயத்தில் பாதி நியாயம் உண்டு. இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார்ப்படலம் இருக்கிறது. கடியின் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். இம்ப்ளான்டுக்கு அந்த மெத்தை கிடையாது. டைட்டானியம் எலும்போடு நேரடியாகப் பிணைகிறது. 1965-இல் சுவீடனில் பிரோனமார்க் என்ற மருத்துவர் முதல் நோயாளிக்கு வைத்ததும் அந்தப் பிணைப்பை நம்பித்தான். ஆகவே கடியின் விசை முழுவதும் எலும்புக்கே போகிறது. அதிலும் இம்ப்ளான்டின் கழுத்தைச் சுற்றிய கெட்டியான புறணி எலும்புக்கு. உள்ளே இருக்கும் பஞ்செலும்பைவிட அது சுமார் பத்து மடங்கு விறைப்பானது என்றே கணினி மாதிரிகளில் வழக்கமாக எடுத்துக்கொள்கிறார்கள். விறைப்பானதுதான் சுமையை முதலில் தாங்கும்.

அண்ணாச்சிக்கு இதை விளக்க எனக்குப் படம் தேவைப்படவில்லை. கடப்பாரையை மண்ணில் இறக்கி மேல்முனையைப் பிடித்து ஆட்டினால் எந்த மண் முதலில் இளகும் என்று கேட்டேன். "குழிவாய் மண்தான்" என்றார். தார் கனத்து வாழை சாயும்போதும் ஒரு பக்கத்து மண் நசுங்கும், மறுபக்கத்து மண் வெடிக்கும் என்று அவரே சேர்த்துக்கொண்டார். பள்ளி இயற்பியல் புத்தகம் தகைவு என்று சொல்வது இதைத்தான்.

கணக்கும் அப்படியே. 200 நியூட்டன் விசை, அதாவது ஏறத்தாழ 20 கிலோ எடை, இம்ப்ளான்டின் அச்சிலேயே இறங்கினால் பக்கவாட்டு இழுப்பு இல்லை. 15 டிகிரி விலகி வந்தால் சுமார் 52 நியூட்டன் பக்கவாட்டில் போகிறது. 25 டிகிரியில் சுமார் 85. அந்த இழுப்பை ஈறுக்கு மேலுள்ள பல்லின் உயரம் பெருக்குகிறது. 10 மில்லிமீட்டர் உயரம் 15 ஆனால் வளைக்கும் திறன் ஒன்றரை மடங்கு. கோணத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு யாரும் உயரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு அது வருத்தம்தான்.

ஆனால் பழி விழும் இடம் தவறு. இம்ப்ளான்ட் ஏற்கெனவே சாய்ந்து இறங்கியிருந்தால், பல்லின் இடமும் கடியின் திசையும் மாறாதவரை, நடுவில் எந்த அபட்மென்ட் இருந்தாலும் எலும்புக்குப் போகும் விசை ஒன்றுதான். பல்லை இறுக்கும் திருகின் துளையை மட்டும் திருப்பிவிடும் புதிய அபட்மென்ட் வகைகளும் அப்படியே: பசை இல்லாமல் திருகிப் பொருத்த உதவும், துளையை முன்பக்கத்திலிருந்து மறைக்கும், எலும்பின் சுமையைக் குறைக்காது. கேள்வி அபட்மென்டின் வளைவு அல்ல, இம்ப்ளான்டின் சாய்வு. மேல் முன்பல்லிலோ நேராக இறக்கினாலும் நேர்க்கடி கிடைப்பதில்லை; கீழ்ப்பல் உள்பக்கத்திலிருந்து சரிவாகத்தான் வந்து முட்டுகிறது.

எலும்பைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் கணினி ஆய்வுகள், கோணம் ஏற ஏறக் கழுத்தோரத் தகைவும் ஏறுவதையே காட்டுகின்றன. நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த ஆய்வுகளில், அளவான கோணத்தில் எலும்பு இழப்போ தோல்வியோ பெரிதாகக் கூடவில்லை. முரண் இல்லை. கணினி எலும்பு பெரும்பாலும் ஒரே சீரானது, உயிரில்லாதது. வாய் எலும்பு ஓர் அளவுக்குள் வரும் சுமைக்குத் தன்னைத் திருத்திக்கொள்ளும். அளவு மீறினால்தான் கரையும்.

எலும்பு ஒட்டுக்கு வருவோம். இம்ப்ளான்ட் நேராக நிற்கும், ஈறின் தோற்றமும் நன்றாக இருக்கும். இளம் வயதில், புன்னகையில் ஈறு தெரிபவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். அதற்குக் கொடுக்கும் விலை: இரண்டாவது அறுவை, பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு மாதக் காத்திருப்பு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கும் புகைப்பவருக்கும் ஒட்டு பிடிக்காமல் போகும் ஆபத்து அதிகம்.

கடைவாயில் தனிப்பல், 25 டிகிரி, தூக்கத்தில் பல் நறநறக்கும் பழக்கம் என்று மூன்றும் சேர்ந்தால் சாய்வுக்கு நான் ஒப்புக்கொள்வதில்லை. முழுத் தாடைக்கு நான்கு இம்ப்ளான்ட் வைத்துப் பின்னிரண்டைச் சாய்க்கும் முறை வேறு கதை. அங்கே நான்கையும் ஒரே சட்டம் பிணைத்துச் சுமையைப் பங்கிடுகிறது, முட்டுக் கொடுத்த வாழைபோல.

அண்ணாச்சிக்கு வயது 66, சர்க்கரை உண்டு, மிஞ்சிய எலும்பின் அகலம் இம்ப்ளான்டுக்குப் போதும். 15 டிகிரியே வைத்தோம். பக்கவாட்டு அசைவில் அந்தப் பல் எதிலும் உரசாதபடி கடியைத் தேய்த்துச் சரிசெய்ததில்தான் நேரம் அதிகம் போனது. பனங்கிழங்கை முன்பல்லால் நார் உரிக்க வேண்டாம் என்றேன். தைப் பொங்கல் முடிந்து திருகின் இறுக்கத்தைச் சோதிக்க வந்தபோது, கத்தியால் நறுக்கித் தின்பதைப் பார்த்துப் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார். திருகு இளகவில்லை.