எச்சில் டி.என்.ஏ. கிட்டின் எம்.எஸ். அறிக்கை: எதை நம்பலாம், எதை விடலாம்

வீட்டுக்கு வரும் டி.என்.ஏ. கிட்களில் சில, மூளை, தண்டுவட நரம்புகளை உடலின் நோயெதிர்ப்பே தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனும் எம்.எஸ். நோய்க்கும் அபாயக் கணக்கு ஒன்றைத் தருகின்றன. கிட்டைக் குறை சொல்ல அதிகமில்லை. எச்சில் துப்புவதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது. நுரையை விட்டுவிட்டு எச்சில் மட்டும் கோடு வரை ஏற வேண்டும். நுரையோடு நிரப்பினால் டி.என்.ஏ. போதாமல் மறுபடி சாம்பிள் கேட்பார்கள். சிக்கல் அறிக்கையில்தான்.

எம்.எஸ்.ஸில் மிக வலுவான மரபணு அபாயம் எச்.எல்.ஏ-டி.ஆர்.பி1*15:01. டி செல் எனும் நோயெதிர்ப்பு செல்லுக்குப் புரதத் துணுக்குகளை எடுத்துக் காட்டும் மூலக்கூறின் ஒரு வகை இது. இன்னொரு நோயெதிர்ப்பு செல்லான பி செல்லின் மேற்பரப்பிலும் இருக்கிறது. இந்த வகை உள்ளவர்களிடம் நினைவு பி செல்கள் டி செல்களைத் தூண்டிப் பெருகவைப்பதை 2018-இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் பல கிட்களில் டி.என்.ஏ.வைப் படிக்கும் சிப் இந்த மரபணுவை நேராகப் படிப்பதில்லை. பக்கத்திலுள்ள ஆர்.எஸ்.3135388 என்ற இடத்தில் 'ஏ' எனும் டி.என்.ஏ. எழுத்து இருந்தால், 15:01 இருப்பதாக ஊகிக்கிறது. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் இந்த ஊகம் நன்றாகவே பொருந்தும். மற்றவர்களிடம் அந்த எழுத்துக்கும் மரபணுவுக்கும் உள்ள பிணைப்பு வேறாக இருப்பதால் தவறலாம். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ஆய்வகத்தில் எச்.எல்.ஏ. வகையை நேராகக் கண்டறியும் எச்.எல்.ஏ. டைப்பிங் செய்ய வேண்டும், அதுவும் நான்கு இலக்க அளவில். வெறும் "டி.ஆர்.15" என்று வந்தால் 15:01-ஆ, ஆசியாவில் பரவலாக உள்ள 15:02-ஆ என்று பிரித்தறிய முடியாது.

15:01 ஒரு பிரதி இருந்தால் அபாயம் ஏறத்தாழ மூன்று மடங்கு. இதைச் சிவப்பில் அச்சடித்துப் பயமுறுத்துவது நியாயமில்லை. அது இல்லாத ஆயிரம் பேரில் இருவருக்கு நோய் வருகிறது என்று வைத்துக்கொண்டால், இருக்கும் ஆயிரம் பேரில் ஆறு பேருக்கு வரும். 994 பேருக்கு வராது. ஒரே கருமுட்டை இரட்டையரில் ஒருவருக்கு எம்.எஸ். இருந்தாலும் மற்றவருக்கு வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று அளவுதான்.

மற்ற மரபணுக்களுக்கு அறிக்கை தரும் விளக்கம் இன்னும் மோசம். ஐ.எல்.7.ஆர். மரபணுவில் 'சி' எழுத்தை அபாயம் என்று குறிக்கிறார்கள்; ஐரோப்பியர்களில் பெரும்பான்மையோரிடம் இருப்பதே அதுதான். அந்த எழுத்தின் வேலை, இந்த மரபணு உருவாக்கும் ஏற்பியில் (செல்லின் மேல் சமிக்ஞை வாங்கும் புரதம்) ஆறாவது எக்ஸான் எனும் துண்டு விடுபடுவதை அதிகரித்து, செல்லில் ஒட்டாமல் ரத்தத்தில் மிதக்கும் வடிவத்தைக் கூட்டுவது. தனியாகப் பார்த்தால் விளைவு மிகச் சிறியது.

டி.என்.எஃப்.ஆர்.எஸ்.எஃப்.1.ஏ. மரபணுவை "அழற்சியைக் கூட்டும்" என்று ஒரே வரியில் முடிப்பது தவறு. அங்குள்ள அபாய வகையும் கரையும் ஏற்பியை உருவாக்குகிறது; அது டி.என்.எஃப். எனும் அழற்சிப் புரதத்தைப் பிடித்து அடக்குகிறது. மூட்டுவாதத்துக்குத் தரும், இதே போல டி.என்.எஃப். புரதத்தை அடக்கும் மருந்துகள் எம்.எஸ்.ஸை மோசமாக்கக் கூடும் என்ற எச்சரிக்கையோடு இது ஒத்துப்போகிறது. எம்.எஸ். உள்ளவர் அந்த மருந்தைத் தொடங்குமுன் மருத்துவரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். இவ்வளவு பயனுள்ள தகவலை அறிக்கை விட்டுவிடுவது வருத்தம்.

2019-இல் வெளியான பெரிய ஆய்வு 233 மரபணுத் தொடர்புகளைக் காட்டியது. டி, பி செல்களோடு என்.கே. செல், மோனோசைட் எனும் மற்ற நோயெதிர்ப்பு செல்கள், மூளையின் நோயெதிர்ப்பு செல்லான மைக்ரோக்லியா வரை அவை பரவிக் கிடக்கின்றன. விரல்விட்டு எண்ணும் இடங்களை மட்டும் படித்துவிட்டு முழு அபாயம் என்று எண் போடும் கிட்டை வாங்க வேண்டாம். கை மரத்தல், பார்வை மங்கல் என்று அறிகுறி இருப்பவருக்கும் இது பயன்படாது. அவருக்குத் தேவை நரம்பியல் மருத்துவரும் எம்.ஆர்.ஐ.யும்தான்.