பிக்கப்புக்குக் கூடுதல் விளக்கு: கூரையில் லைட் பாரா, பம்பரில் ஒரு ஜோடி டிரைவிங் லைட்டா?

இரவில் பிக்கப் ஓட்டுகிறவர்கள் கூடுதல் விளக்கு என்று யோசித்தாலே முதலில் கண்ணில் படுவது கூரையில் நீளமாகப் படுத்திருக்கும் எல்இடி லைட் பார்தான். பார்க்க மிடுக்காக இருக்கும், பெட்டியில் போட்டிருக்கும் லூமென் கணக்கும் மலைக்க வைக்கும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாலையில் வேகமாகப் போவதற்குத்தான் விளக்கு என்றால் பம்பர் உயரத்தில், ஹை பீமோடு சேர்ந்து எரிந்து சேர்ந்தே அணையும் ஒரு ஜோடி டிரைவிங் லைட் (ஒளியைக் குவித்துத் தூரத்துக்கு அனுப்பும் கூடுதல் விளக்கு) போதும். லைட் பாருக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை, அதன் வேலை வேறு.

ஒரு கணக்கைப் பாருங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு சுமார் 28 மீட்டர் போகிறது. எதிரே ஏதோ நிற்கிறது என்று கண் பார்த்து, மூளை புரிந்து, கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி என்று வைத்தால் அதிலேயே 42 மீட்டர் போய்விடும். அதன்பிறகு காய்ந்த சாலையில், நல்ல டயரில், வண்டி நிற்க இன்னும் 55 மீட்டர் வேண்டும். ஆக 100 மீட்டருக்குப் பக்கம். பின்னால் லோடு இருந்தாலோ சாலை ஈரமாக இருந்தாலோ அதற்கும் மேல். லோ பீமில் கருப்பு உடை போட்டவர் பெரும்பாலும் 50, 60 மீட்டருக்குள் வந்தபிறகுதான் தெரிவார். நமக்குத் தேவையான வெளிச்சம் அந்த இடைவெளிக்கும் அதற்கு அப்பாலும்தான், வண்டியின் மூக்குக்கு முன்னால் இல்லை.

லூமென் கணக்கு ஏமாற்றுவதும் இங்கேதான். லூமென் என்பது விளக்கிலிருந்து எல்லாப் பக்கமும் வெளியேறும் மொத்த ஒளி. அது எங்கே போய் விழுகிறது என்று அந்த எண் சொல்லாது. போதாக்குறைக்குப் பல மலிவான பார்களில் போடுவது சிப்பின் கணக்கை, லென்ஸைத் தாண்டி வெளியே வருவதை இல்லை. தூரத்துக்குக் கேட்க வேண்டியது கேண்டிலா, அதாவது ஒரே திசையில் போகும் ஒளியின் வலு, அல்லது ‘இத்தனை மீட்டரில் 1 லக்ஸ்’ என்கிற கணக்கு. லக்ஸ் என்பது ஓர் இடத்தில் போய் விழும் வெளிச்சத்தின் அளவு. முழுநிலவு வெளிச்சமே பெரும்பாலும் 1 லக்ஸில் கால் பங்கைத் தாண்டாது என்பதால் 1 லக்ஸ் என்பது ஓரளவு பார்க்கக்கூடிய வெளிச்சம்தான். 200 மீட்டரில் அது கிடைக்க 40,000 கேண்டிலா வேண்டும், 400 மீட்டரில் கிடைக்க 1,60,000. தூரம் இரண்டு மடங்கானால் தேவை நான்கு மடங்கு. அதனால் ஒளியைக் குறுக்கிக் குவித்து அனுப்பும் ஆழமான ரிஃப்ளெக்டருக்கு முன்னால், வரிசையாகச் சின்னச் சின்ன ரிஃப்ளெக்டர் வைத்த பார் தூரத்தில் தோற்றுப்போகிறது.

அதைவிடப் பெரிய பிரச்சினை, முன்னால் பத்து இருபது மீட்டருக்குள் கொட்டும் வெளிச்சம். ஒளியை அகலமாகப் பரப்பும் ஃபிளட் பீம் பாரைப் போட்டதும் ‘ஆஹா, பகல் மாதிரி இருக்கிறதே’ என்று தோன்றும். ஆனால் கிட்டே இருக்கும் சாலை பளபளவென்று இருக்க இருக்க கண்ணின் பாவை சுருங்குகிறது, தூரத்தில் மங்கலாக இருப்பது இன்னும் மங்கிவிடுகிறது. விளக்கெரியும் திண்ணையில் நின்று இருட்டுத் தோட்டத்தைப் பார்ப்பது போலத்தான். ஓட்டுகிறவருக்கு நன்றாகத் தெரிகிறது என்ற தைரியம் வந்து வேகம் கூடுகிறது, உண்மையில் தெரியும் தூரமோ குறைந்திருக்கிறது. இது ஆபத்தான கூட்டணி, இதை நினைத்துத்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

கூரையில் வைப்பதற்கென்றே சில தொல்லைகள் உண்டு. பாரின் ஒளி போனட்டில் பட்டுக் கண்ணுக்குத் திரும்பும், வெள்ளை போனட் என்றால் கேட்கவே வேண்டாம். மழை, தூசி, பனி என்று காற்றில் எது இருந்தாலும் ஒளி நம் பார்வைக் கோட்டை ஒட்டியே போவதால் துளியெல்லாம் ஒளிர்ந்து எதிரே வெள்ளைத் திரை கட்டிவிடும். வேகம் ஏற ஏற காற்று விசில் அடிக்கும். சட்டமும் இடிக்கும்: பல நாடுகளில் பொதுச் சாலையில் இதை எரிய விடக் கூடாது, சில இடங்களில் மூடி போட்டே ஓட்ட வேண்டும். ஆனால் சாலையே இல்லாத இடத்தில், முதல் இரண்டு கியரில் ஊர்ந்து போகும்போது, பள்ளத்துக்குள் என்ன இருக்கிறது என்று மேலிருந்து எட்டிப் பார்க்க பாரை மிஞ்சியது எதுவும் இல்லை. உயரத்திலிருந்து விழுவதால் நிழல் குட்டையாக இருக்கும், குழியின் அடி தெரியும்.

பம்பர் ஜோடிக்கும் குறை இருக்கிறது, மறைக்கக் கூடாது. தாழ்வாக இருப்பதால் சின்னக் கல்லுக்குக்கூட நீள நிழல் விழுந்து, குழியா மேடா என்று குழப்பும். முன்னால் போகும் வண்டி தெறிக்கும் கல்லும் சேறும் நேரே லென்ஸில்தான் அடிக்கும். ரேடியேட்டர் கிரில்லுக்கு முன்னால் பெரிய வட்ட விளக்கை நிறுத்தினால் காற்று தடைபடும், லோடோடு மலை ஏறும்போது எஞ்சின் சூடு ஏறுகிறதா என்று கவனிக்க வேண்டும். தாங்கும் பிராக்கெட் மெல்லியதாக இருந்தால் விளக்கு நடுங்கும், தூரத்தில் வெளிச்சமும் துள்ளும், அது கண்ணைச் சோர்வாக்கிவிடும். விளக்குக்குச் செலவழிக்கிற அக்கறையில் பாதியாவது பிராக்கெட்டுக்கும் வேண்டும்.

ஏ பில்லர் (முன்கண்ணாடியின் இரு பக்கமும் உள்ள தூண்) அடியில், போனட் ஓரத்தில் வைக்கும் சின்ன பாட் விளக்குகளை நான் மூன்றாவது இடத்தில்தான் வைப்பேன். வெளிப்பக்கம் திருப்பி வைத்தால் வளைவின் உள்பக்கமும் சாலை ஓரமும் நன்றாகத் தெரியும், ஓரத்திலிருந்து திடீரென்று குறுக்கே பாயும் விலங்குகள் உள்ள காட்டுப் பாதைக்கு அருமை. நேரே பார்க்க வைத்தால் அதுவும் போனட்டில் பட்டுக் கூசும்.

ஃபாக் லைட் போட்டியிலேயே இல்லை, அது தூரத்துக்கானது அல்ல. தாழ்வாக இருந்து, மேல் விளிம்பு கத்தரித்த மாதிரி நின்று, மூடுபனிக்கு அடியில் அகலமாக விரிவதுதான் அதன் பலம். மஞ்சள் நிறம் பனியைத் துளைக்கிறது என்பது பரவலான நம்பிக்கை, பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியது என்பதால் எல்லா நிறமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறும். நீலம் குறைந்தால் கண்ணுக்குக் கூச்சம் குறையலாம், அவ்வளவுதான். பிரான்ஸில் 1993 வரை ஹெட்லைட்டே மஞ்சளாகத்தான் இருந்தது.

ஹாலோஜனா, எச்ஐடியா (ஜெனான் விளக்கு என்பார்கள்), எல்இடியா? இதில் அதிகம் யோசிக்க வேண்டாம், இன்று எல்இடிதான். ஒரு 55 வாட் ஹாலோஜன் பல்ப் சுமார் 1,500 லூமென் தரும், 35 வாட் எச்ஐடி ஏறக்குறைய 3,200. ஆனால் எச்ஐடி முழு வெளிச்சத்துக்கு வரச் சில நொடிகள் எடுக்கும். எதிர் வண்டிக்காக அணைத்து அணைத்துப் போடும் விளக்குக்கு அது ஒத்து வராது. எல்இடி போட்டதும் எரியும், மின்சாரமும் குறைவு. குறை என்னவென்றால், சூடு பின்பக்கம்தான் போகிறது, லென்ஸ் குளிர்ந்தே இருக்கும், பனி பெய்யும் ஊரில் அதன்மேல் பனி உறைந்து மூடிவிடும். எல்இடிக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் டிரைவர் சர்க்யூட் மலிவானதாக இருந்தால் எஃப்எம் ரேடியோவில் இரைச்சலையும் கிளப்பும். நிறத்தில் 6,500 கெல்வின் நீலவெள்ளையைவிட 5,000ஐ ஒட்டியதை எடுங்கள், ஈரச் சாலையில் வித்தியாசம் தெரியும்.

அப்புறம், பழைய ஹாலோஜன் ஹெட்லைட்டுக்குள்ளேயே எல்இடி பல்பைச் சொருகினால் போதாதா என்று கேட்பார்கள். வேண்டாம். அந்த ரிஃப்ளெக்டர் ஒரு மெல்லிய இழை குறிப்பிட்ட இடத்தில் இருப்பதாக வைத்து வடிவமைத்தது. சிப் அந்த இடத்தில், அந்த வடிவத்தில் இல்லையென்றால் பீம் சிதறி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். அதைவிட, ஹெட்லைட்டுக்குப் போகும் வயரைச் சோதியுங்கள். ஹாலோஜனில் மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் குறையும். துருப்பிடித்த எர்த்தைச் சுத்தம் செய்து, மங்கிய லென்ஸைப் பாலிஷ் போட்டாலே சில வண்டிகளுக்குக் கூடுதல் விளக்கு தேவைப்படாது.

வயரிங்கில் சமரசமே கூடாது. சின்ன சிக்னலை வைத்துப் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சான ரிலே கட்டாயம், அதன் முனைகளில் எண் போட்டிருக்கும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ஃபியூஸிலிருந்து ரிலேயின் 30, ரிலேயின் 87லிருந்து விளக்கு, 86க்கு ஹை பீம் சிக்னல், 85 எர்த். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நடுவில் வைத்தால் அதுவரை உள்ள வயர் எங்காவது உராய்ந்து பாடியில் பட்டால் தீப்பிடிக்கும். 100 வாட் ஹாலோஜன் இரண்டு என்றால் 12 வோல்ட்டில் சுமார் 17 ஆம்பியர் ஓடும், மெல்லிய வயர் தாங்காது.

சட்டக் கணக்கிலும் ஜோடிக்கே சாதகம். ஐ.நா. வாகன விதிகளைப் பின்பற்றும் நாடுகளில் ஹை பீம் விளக்கின் லென்ஸில் 17.5, 25, 37.5 என்பது போல ஓர் எண் பொறித்திருக்கும், சேர்ந்து எரியும் எல்லா விளக்கின் எண்களையும் கூட்டினால் 100ஐத் தாண்டக் கூடாது. 100 என்பது சுமார் 4,30,000 கேண்டிலா. ஹெட்லைட் இரண்டும் 25 என்றால் மீதம் 50, அதில் 25 எண்ணுள்ள இரண்டு டிரைவிங் லைட் கச்சிதமாக உட்காரும். எண்ணே இல்லாத பாரை அந்தக் கணக்கில் எங்கே சேர்ப்பது?

கடைசியாக, பிக்கப்புக்கே உரிய ஒரு விஷயம். காலியாக இருக்கும்போது பீமைச் சரிசெய்துவிட்டுப் பின்னால் அரை டன் ஏற்றினால் லீஃப் ஸ்பிரிங் அமுங்கி மூக்கு தூக்கிக்கொள்ளும், எல்லா விளக்கும் மரக்கிளையைப் பார்க்கும். வழக்கமாக ஏற்றும் லோடோடு, டயர் காற்றைச் சரிபார்த்து, சமதளத்தில் சுவருக்கு 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். டிரைவிங் லைட்டின் பிரகாசமான நடுப்புள்ளி விளக்கின் உயரத்திலேயோ அதற்குச் சற்றுக் கீழேயோ விழ வேண்டும். லோடு அடிக்கடி மாறும் வண்டி என்றால் கையால் தளர்த்திச் சாய்க்கக்கூடிய பிராக்கெட்டை எடுத்து, காலிக்கும் லோடுக்கும் தனித்தனியாக அதில் கோடு போட்டு வையுங்கள். எதிர் வண்டி வரும்போது ஒரு தடவை டிம் அடித்தால் இந்த ஜோடியும் கூடவே அணைய வேண்டும். தனி சுவிட்சைத் தேடிக் கை போகும் அந்த நேரத்தில் எதிரே வருபவருக்குக் கண் தெரியாது.