50 டிகிரியில் கொதிக்கும் நீர்: பம்ப்பா, குடுவையா, சிரிஞ்சா?

மலைமேல் காற்றழுத்தம் குறைவு என்பதால் ஊட்டியில் நீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்றபோது என் மகள் நம்பினாள். அழுத்தத்தை இன்னும் குறைத்தால் 50 டிகிரியிலும் கொதிக்கும் என்றதும் நம்ப மறுத்தாள். வீட்டில் காட்ட மூன்று வழிகள் இருந்தன. நான் தேர்ந்தெடுத்தது மருந்துக்கடையில் வாங்கிய, ஊசி மாட்டாத 20 மி.லி. பிளாஸ்டிக் சிரிஞ்ச்.

காட்சிக்கு அழகு, மூடிய கண்ணாடி ஜாடியிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கும் வெற்றிட பம்ப்தான். நீர் விடாமல் கொதிக்கும், கொதித்தே குளிரும். ஏ.சி. பழுதுபார்க்கும் நண்பரின் பம்ப்பில் ஒரே ஒரு முறை பார்த்தேன். நீராவி கலந்து பம்ப்பின் எண்ணெய் பால்போல் வெளுத்துவிட்டது, மாற்ற வேண்டியதாயிற்று. நீரைக் கொதிக்கவைத்து, குடுவையை அடுப்பிலிருந்து இறக்கி, அடைத்து, கவிழ்த்து, மேலே குளிர்ந்த நீர் ஊற்றுவது இன்னொரு வழி. உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து நீராக, அழுத்தம் குறைந்து மறுபடி கொதிக்கும். இதைக் கல்லூரி ஆய்வகத்தில் செய்திருக்கிறேன், வீட்டில் செய்ததில்லை. அடுப்பில் இருக்கும்போதே அடைத்துவிட்டால் குடுவை வெடிக்கும்.

இரண்டையும் நான் ஒதுக்கியதற்குக் காரணம் கண்ணாடி. வளிமண்டலம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய ஒரு கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது. 20 செ.மீ. விட்டமுள்ள மூடியின் மேல் அது 300 கிலோவைத் தாண்டும். ஊறுகாய் ஜாடியோ தட்டையான அடிப்பாகம் கொண்ட குடுவையோ இதற்காகச் செய்யப்பட்டதல்ல. கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் போதும்; உள்நோக்கி நொறுங்கும் சில்லுகள் மறுபக்கமாக முகத்தில் தெறிக்கும். குழந்தைகள் இந்தச் சோதனையை மூக்கு ஒட்டும் அளவுக்கு நெருங்கித்தான் பார்ப்பார்கள். தடித்த ஜாடியும் பாதுகாப்புக் கண்ணாடியும் இருந்தாலும் என் மனம் ஒப்பவில்லை. சிரிஞ்சில் கை நழுவினால் தண்டு 'டப்' என்று உள்ளே போய்விடும், அவ்வளவுதான்.

செய்முறை எளிது. ஒருமுறை கொதிக்கவைத்து 50 டிகிரிக்கு ஆறவிட்ட நீரில் 5 மி.லி. உறிஞ்சுங்கள். முனையை மேலே பிடித்துக் காற்றை முழுவதும் வெளியேற்றி, மூடியால் அடைத்து, தண்டை இழுங்கள். அழுத்தம் வளிமண்டலத்தின் எட்டில் ஒரு பங்குக்கு இறங்கியதும் குமிழ்கள் பொங்கும். முதலில் வருவது நீரில் கரைந்த காற்றாகவும் இருக்கலாம். அதைச் சோதிக்கத் தண்டை விடுங்கள்: ஆவி மீண்டும் நீராகிவிடும், காற்று மட்டும் குமிழாகத் தங்கும். தங்கியதை வெளியேற்றிவிட்டு மறுபடி இழுங்கள். இரண்டாம் முறை என் சிரிஞ்சில் கடுகளவுக் குமிழ்கூட மிஞ்சவில்லை. மகள் நம்பியது அப்போதுதான்.

குறை உண்டு: இழுக்கும் ஓரிரு நொடிதான் கொதிப்பு. பெரிதாகப் பார்க்கலாமே என்று 50 மி.லி. வாங்கிவிடாதீர்கள். 20 மி.லி. சிரிஞ்சுக்கே மூன்று கிலோவைத் தூக்கும் பலம் வேண்டும். பெரியதைச் சிறு கைகளால் இழுக்க முடியாது.