நீதிச் சீட்டும் அதை வரைந்த கையும்: ஸ்மித்–வெயிட் நூற்றாண்டுப் பதிப்பு

குறி பார்க்கப் பலரும் பயன்படுத்தும் டாரட் என்ற படச் சீட்டுக்கட்டு ஒன்று புதிதாகக் கைக்கு வந்தால் பலரும் முதலில் புரட்டித் தேடுவது மரணம், காதலர்கள், சூரியன் ஆகிய சீட்டுகளைத்தான். நான் தேடுவது நீதியை. ஒரு பதிப்பு எவ்வளவு கவனத்தோடு அச்சிடப்பட்டிருக்கிறது என்பதை அந்த ஒரு சீட்டே எனக்குச் சொல்லிவிடும். யு.எஸ். கேம்ஸ் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஸ்மித்–வெயிட் நூற்றாண்டுப் பதிப்பைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இந்த மதிப்புரையையும் அந்தச் சீட்டை முன்வைத்தே எழுதுகிறேன்.

1909 டிசம்பரில் லண்டனில் வில்லியம் ரைடர் அண்ட் சன் பதிப்பகம் வெளியிட்ட 78 சீட்டுகளே இந்தக் கட்டின் மூலம். திட்டம் ஆர்தர் எட்வர்ட் வெயிட்டுடையது. படங்கள் அனைத்தும் பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தவை. வெளியாகி நூறு ஆண்டுகள் நிறைந்ததை ஒட்டி, 2009-இல், பழைய அச்சின் மங்கிய வண்ணங்களைப் பின்பற்றி இந்தப் பதிப்பை உருவாக்கினார்கள். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் மஞ்சள் பெட்டிக் கட்டில் சிவப்பும் மஞ்சளும் பளீரென்று அடிக்கும். கண் முதலில் நிறத்தில் நின்றுவிட்டு, அதற்குப் பிறகுதான் கோட்டுக்குப் போகும். இங்கே நிறம் அடங்கி நிற்பதால், வரைந்தவரின் கோடு முன்னால் வருகிறது. இந்தப் பதிப்பை நான் விரும்புவதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டு சாம்பல் நிறத் தூண்கள். அவற்றுக்கிடையே ஊதா நிறத் திரை. திரைக்கு முன்னால் சிவப்பு அங்கியும் பச்சை மேலாடையும் அணிந்து, தலையில் கிரீடம் தரித்து அமர்ந்திருக்கும் ஓர் உருவம். வலக்கையில் செங்குத்தாக நிமிர்ந்த இருபுறக் கூர்வாள், இடக்கையில் தராசு. தட்டுகள் இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. இவ்வளவும் எந்தப் பதிப்பிலும் தெரியும். ஆனால் அங்கியின் விளிம்பிலிருந்து வெள்ளைக் காலணியின் நுனி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை இந்தப் பதிப்பில்தான் நான் முதன்முதலாகக் கவனித்தேன். மற்றபடி கல்லில் வடித்தாற்போல் அசையாமல் இருக்கும் உருவத்தில் அந்த ஒரு பாதம் மட்டும், எழுந்து வரத் தயாராக இருப்பதுபோல் முன்னால் வந்திருக்கிறது. ஸ்மித் நாடக மேடையோடு நெருங்கிப் பழகியவர். புகழ்பெற்ற நடிகை எலன் டெரியின் குழுவோடு பயணம் செய்தவர். பின்னால் தொங்கும் ஊதாத் திரையை மேடைத் திரையாகப் பார்த்தால், அதன் ஓரத்தில் கசியும் மஞ்சள் வெளிச்சத்துக்கும் அர்த்தம் பிறக்கிறது.

கண்களைச் சொல்லாமல் விடக் கூடாது. நீதிதேவதை என்றாலே கண்கட்டோடு நினைத்துப் பழகிய நமக்கு, இந்தச் சீட்டின் உருவம் கண்களை நன்கு திறந்து நம்மை நேராகப் பார்ப்பது சிறிது கூச்சத்தைக் கூடத் தரும். ஸ்மித் இதைப் புதிதாகப் புகுத்திவிடவில்லை. 15-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் மிலான் பிரபுக்களுக்காகத் தீட்டப்பட்ட விஸ்கான்தி–ஸ்ஃபோர்சா சீட்டிலும், பின்னால் வந்த மார்செய் என்ற பழைய பிரெஞ்சு வகைக் கட்டிலும் நீதிக்குக் கண்கட்டுக் கிடையாது. கண்கட்டு ஐரோப்பியப் படங்களில் தலைகாட்டியபோது அது கேலியாகத்தான் வந்தது; 1494-இல் பாசல் நகரில் அச்சான ஒரு மரச்செதுக்குப் படத்தில் முட்டாள் ஒருவன் நீதியின் கண்களைக் கட்டுகிறான். இந்தச் சீட்டு வெளியாவதற்கு இரண்டே ஆண்டுகள் முன்பு, 1907-இல், லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தின் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. அதன் உச்சியில் வலக்கையில் வாளும் இடக்கையில் தராசும் ஏந்தி நிற்கும் பொன்னிறச் சிலைக்கும் கண்கட்டு இல்லை. ஆள் யாரென்று பாராமல் தீர்ப்பளிப்பது ஒரு வகை நடுநிலை. எல்லாவற்றையும் பார்த்த பிறகும் ஒருபக்கம் சாயாமல் இருப்பது அதைவிடக் கடினமான இன்னொரு வகை. இந்தச் சீட்டு கேட்பது இரண்டாவதை என்றே நான் கருதுகிறேன்.

வரிசை எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் புதிதாகக் கற்பவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். மார்செய் கட்டில் நீதி எட்டாவது, வலிமை பதினோராவது. வெயிட் இரண்டையும் இடம் மாற்றினார். தம் விளக்க நூலில், தமக்குத் திருப்தியளிக்கும் காரணங்களுக்காக மாற்றியதாகச் சொல்லி நிறுத்திக்கொண்டார், காரணத்தை விளக்கவில்லை. அவர் சார்ந்திருந்த கோல்டன் டான் என்ற மறைஞானக் குழுவின் ராசிப் பொருத்தத்தை அறிந்தவர்களுக்கு அது விளங்கும். சிங்கம் இருக்கும் வலிமைச் சீட்டு சிம்மத்துக்கும், அடுத்து ஒன்பதாவதாக வரும் துறவிச் சீட்டு கன்னிக்கும், தராசு ஏந்திய நீதி துலாத்துக்கும் உரியவை. ராசிகள் தம் முறைப்படி வரவேண்டுமானால் வலிமை முன்னாலும் நீதி பின்னாலும் வந்தாக வேண்டும். இதனால் கிடைத்த இன்னொரு பயனை நான் பெரிதாக மதிக்கிறேன். 1 முதல் 21 வரை எண்ணிட்ட பெரிய சீட்டுகளில் (மேஜர் ஆர்க்கானா) நீதிக்கு முன்னால் பத்து, பின்னால் பத்து. தராசு முள்போல அது வரிசையின் நட்டநடுவில் வந்து நிற்கிறது.

பொருளைச் சொல்லும்போது வெயிட் சுருக்கமாகவே சொல்கிறார். சீட்டு நேராக விழுந்தால் நேர்மை, நியாயம், வழக்கில் தகுதியுள்ள பக்கத்தின் வெற்றி. தலைகீழாக விழுந்தால் சட்டச் சிக்கல், பாரபட்சம், அளவுக்கு மீறிய கடுமை. இதில் ‘தகுதியுள்ள பக்கம்’ என்ற சொல்லைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். பாகப்பிரிவினையில் அண்ணனோடு பேச்சுவார்த்தை முறிந்த நிலையில் ஒரு தோழி என்னிடம் வந்தாள். நீதிச் சீட்டு நேராக விழுந்ததும், “அப்படியென்றால் எங்கள் பக்கம்தான் ஜெயிக்கும், இல்லையா அக்கா?” என்று கேட்டாள். சீட்டு அப்படிச் சொல்லவில்லை என்றேன். தட்டுகள் சமமாக இருக்கின்றன, ஒரு தட்டில் நீ வைப்பது என்ன, அண்ணன் வைப்பது என்ன என்று முதலில் சொல் என்றேன். அவள் நெடுநேரம் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்பா படுத்த படுக்கையாக இருந்த காலத்தில் உடனிருந்து பார்த்துக்கொண்டது அண்ணிதான் என்று தானாகவே சொன்னாள். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. எதிர்காலத்தை இந்தச் சீட்டுகள் முன்கூட்டிச் சொல்லும் என்று நான் நம்புவதில்லை. மனத்துக்குள் தள்ளி வைத்ததை மேசைமேல் எடுத்து வைக்க உதவும் என்பதை நம்புகிறேன். அதற்கு, நேராகப் பார்க்கும் இந்தக் கண்கள் மிகவும் உதவுகின்றன. இருபதாவது சீட்டான தீர்ப்பை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே தேவதூதன் எக்காளம் ஊத, இறந்தவர்கள் எழுகிறார்கள். அது அழைப்பைப் பற்றியது, எடை போடுவதைப் பற்றியதன்று.

பெட்டியின் மேல் உள்ள பெயரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நெடுங்காலம் இந்தச் சீட்டுகள் ரைடர்–வெயிட் என்றே அறியப்பட்டன. பதிப்பாளர் பெயர் இருந்தது, திட்டமிட்டவர் பெயர் இருந்தது, வரைந்தவர் பெயர் இல்லை. 1909 நவம்பரில் நியூயார்க்கில் இருந்த ஒளிப்படக் கலைஞர் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், ஒரு பெரிய வேலையை மிகக் குறைந்த காசுக்கு முடித்திருப்பதாக ஸ்மித் குறிப்பிட்டார். உலகெங்கும் அவர் படங்கள் பரவின. அவரோ 1951-இல் கார்ன்வாலின் பியூட் என்ற ஊரில் கடனோடு இறந்தார், உடைமைகளை விற்றுத்தான் கடனை அடைக்க வேண்டியிருந்தது. இந்தப் பதிப்பு அவர் பெயரை முதலில் வைத்து ஸ்மித்–வெயிட் என்று வந்திருக்கிறது. காலம் கடந்த செயல்தான், ஆனாலும் அதை நான் மனதார வரவேற்கிறேன். ஒவ்வொருவருக்கும் உரியதை அவரவருக்குக் கொடுப்பதே நீதி என்று பழைய ரோமச் சட்டம் வரையறுத்தது. அந்தச் சீட்டை வரைந்தவருக்கே அது கிடைக்க இத்தனை ஆண்டுகள் ஆயின.

நடைமுறைக் குறிப்புகள் சில. சீட்டு ஏறத்தாழ 7 செ.மீ. அகலமும் 12 செ.மீ. உயரமும் உடையது, கை சிறியவர்களுக்கு விளையாட்டுச் சீட்டைப்போல் கலைப்பது எளிதாக இராது, மேசையில் பரப்பிக் கலைப்பதே நல்லது. நான் இணையத்தில் வாங்கிய முதல் கட்டு, விற்பவர் சரியாகப் பொதியாததால் மூலை நசுங்கி வந்தது. இந்த அட்டையில் ஒரு சீட்டுக்கு மடிப்பு விழுந்தாலும் கவிழ்த்து வைத்தாலே அடையாளம் தெரிந்துவிடும் என்பதால், வாங்கியவுடன் 78 சீட்டுகளையும் எண்ணி, ஓரங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தகரப் பெட்டியில் வரும் சிறிய பதிப்பும் உண்டு. பயணத்துக்கு அது வசதி. ஆனால் முதன்முதலாக வாங்குகிறவர்களுக்குப் பெரியதையே பரிந்துரைப்பேன். வெள்ளைக் காலணியின் நுனியும், படத்தின் கீழ் ஓரத்தில் பாம்புபோல் வளைந்து பின்னிய பமேலா கோல்மன் ஸ்மித்தின் கையொப்பமும் சிறிய அளவில் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடுவதில்லை.