செங்கோட்டை டோப்போஷீட் – பிரிண்ட் போட்டுப் பாத்தாச்சு

கூகுள் மேப்புல எங்க ஊரு செங்கோட்டைக்கு மேக்க ஒரே பச்சையாத்தான் தெரியும். மேப் போடுற அரசாங்க ஆபீஸ் சர்வே ஆஃப் இந்தியாவோட 1:50,000 டோப்போஷீட்ட, அதாவது மலை மேடு பள்ளமெல்லாம் காட்டுற மேப்ப, அவங்க சைட்ல ரெஜிஸ்டர் பண்ணி பிடிஎஃப்பா சும்மாவே எறக்கலாம்னு ஃப்ரெண்டு சொன்னான், எறக்கிப் பாத்தா அந்தப் பச்சை பூராவும் பிரவுன் கோடு, ஒரே ஒசரத்துல இருக்குற எடத்தையெல்லாம் சேத்துப் போட்ட கோடு. ஒரு கோட்டுக்கும் அடுத்ததுக்கும் 20 மீட்டர் ஒசரம், நெருக்கமா கெடந்தா செங்குத்து, வெலகிக் கெடந்தா லேசான சரிவு, இத மட்டும் தெரிஞ்சுக்கிட்டாப் போதும் மத்ததெல்லாம் தானா வந்துரும். புளியரை தாண்டி ஆரியங்காவு பக்கம் ரெண்டு மலைக்கும் நடுவுல கோடெல்லாம் ஒதுங்கி ஒரு சந்து விடும் பாருங்க, ரோடு ரயிலு ரெண்டும் அதுக்குள்ளதான் நுழையுது. 1904ல ஓட ஆரம்பிச்ச லைன், அதுல எத்தன தடவ போயிருப்பேன், ஏன் இங்கன போட்டான்னு இப்பதான் வெளங்குது.

தமிழ்நாடு-கேரளா எல்லைக் கோட்டையும் வெரல வச்சுப் புடிச்சுட்டே போனேன். இப்ப அது கோட்டவாசல் பக்கம் மலை மேல ஓடுது. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்க அந்தப் பக்கம், மொதல்ல திருவிதாங்கூர், 1949லேருந்து திருவிதாங்கூர்-கொச்சி, அதாவது எங்களுக்கும் தென்காசிக்கும் நடுவுலதான் எல்லை! ஊரு வளைவுல சங்கு முத்திரை இருக்கே, திருவிதாங்கூர் காலத்து மிச்சம். மலைக்கு இங்கிட்டு அவங்களுக்கு என்ன வேலைன்னு சின்னதுல ஆச்சிகிட்ட கேப்பேன். ஷீட்டப் பாத்தா கணவாயோட வாசல்லயே ஊரு ஒக்காந்திருக்கு, வாசலை யாரு விடுவா.

கொறைன்னா, நம்ம ஊருக்கு ஒரு ஷீட் பத்தாது. ஷீட்டுக்கு ஓரமா வர்ற 9 டிகிரி அட்சரேகையும் 77 டிகிரி 15 நிமிஷ தீர்க்கரேகையும் ஊருக்குப் பக்கத்துலயே வெட்டிக்குது, அதனால நாலு ஷீட் முட்டுற மூலையில நாம கெடக்கோம். நாலையும் எறக்கி ஒட்டணும். அப்புறம் ஓரத்துல சர்வே எடுத்த வருஷம் போட்டிருக்கும், அத மொதல்ல பாருங்க, புது ரோட்ட அதுல தேடாதீங்க.

பிரிண்டு தனிக் கதை. ஒரு கடையில 'ஃபிட் டு பேஜ்' போட்டு எடுத்துட்டான், ஸ்கேல் வச்சா கிலோமீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வரவேண்டிய எடத்துல ஒன்னே முக்கால்தான் வருது. 'ஆக்சுவல் சைஸ்'னு கூடவே நின்னு சொல்லி ஏ1ல எடுங்க. லேமினேட் பண்ணிராதீங்க, மடிச்சு பைக் கவர்ல வைக்க முடியாம நான் இப்ப குழாய் மாதிரி சுருட்டிக்கிட்டு அலையுறேன்.

அஞ்சுக்கு நாலரை.