தலைசுற்றலுக்கு டெஸ்ட் பேக்கேஜ் எடுக்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

போன மாதம் அம்மாவுக்குத் தலைசுற்றல். படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் வீடே சுழல்கிறது என்றார். பரணைப் பார்க்க நிமிர்ந்தாலும் அப்படித்தான். அரை நிமிடம் இருக்கும், அப்புறம் நின்றுவிடும்.

மதுரையில் 'பேலன்ஸ் டெஸ்ட்' விளம்பரம் பார்த்து ஒரு தனியார் மையத்துக்குக் கூட்டிப்போனேன். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே பேக்கேஜ் பில் போட்டுவிட்டார்கள். மூளைக்கு எம்.ஆர்.ஐ., கழுத்து எக்ஸ்ரே, ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கண்ணாடி போல ஒன்றை மாட்டிக் கண் அசைவைப் பதியும் வி.என்.ஜி., எல்லாம் சேர்த்து 16,800 ரூபாய். எப்போது சுற்றுகிறது, எவ்வளவு நேரம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்திருக்கும்.

வி.என்.ஜி.யில் காதுக்குள் வெதுவெதுப்பான தண்ணீரும் குளிர்ந்த தண்ணீரும் மாறி மாறி விடுவார்கள். அப்போது சுற்றத்தான் செய்யும், கண் எப்படி அசைகிறது என்பதுதான் கணக்கு. அதற்கு முன் தலைசுற்றல் மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும், வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கவும் கூடாது. இரண்டையும் எங்களிடம் சொல்லவில்லை. அன்று காலையில்தான் அம்மா தலைசுற்றலுக்கான சின்னரிசின் மாத்திரை போட்டு, நாலு இட்லியும் சாப்பிட்டிருந்தார். பாதியிலேயே வாந்தி. ரிப்போர்ட்டில் 'இரு காதும் பலவீனம்'. எக்ஸ்ரேயைக் காட்டி 'கழுத்து எலும்புத் தேய்மானம்' என்றும் சொன்னார்கள். அறுபத்தெட்டு வயதில் யார் கழுத்தில்தான் தேய்மானம் இல்லை? கையோடு பத்து நாள் பயிற்சிக்கு இன்னொரு பேக்கேஜ். வேண்டாம் என்று கிளம்பிவிட்டோம்.

அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் டாக்டர் ஃபைலைத் திறக்கவே இல்லை. அம்மாவின் தலையை வலப்பக்கம் திருப்பிப் பிடித்து, சட்டென்று மல்லாக்கப் படுக்க வைத்தார். சில நொடியில் கண் படபடவென்று துடித்தது. "இதோ, இதுதான்மா" என்றார். 1952-இல் லண்டனில் டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் விவரித்த சோதனையாம். கருவி எதுவும் வேண்டாம், ஒரு கட்டில் போதும். உட்காதில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டனவாம். அப்படியே தலையை இடப்பக்கம் திருப்பி, உடம்பையும் ஒருக்களித்துப் புரட்டி, உட்கார வைத்தார். துகள்களைக் குழாயிலிருந்து வெளியே கொண்டுவரும் இதற்கு எப்லி முறை என்று பெயர். அன்று ராத்திரி அம்மா பயமில்லாமல் வலப்பக்கம் புரண்டு படுத்தார்.

எல்லாத் தலைசுற்றலும் இதுவல்ல. பேச்சு குழறினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போனால், நடக்கவே முடியாவிட்டால் நேரே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். அங்கே ஸ்கேன் எடுக்கச் சொன்னால் தயங்காதீர்கள். புரண்டால் மட்டும் வந்து ஒரு நிமிடத்துக்குள் அடங்குகிறதென்றால், பணம் கட்டுவதற்கு முன் "படுக்க வைத்துப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டுப் போன் செய்தேன். "ரிப்போர்ட் குடுத்தாச்சே சார். வேணும்னா வி.என்.ஜி. மட்டும் இன்னொரு தடவை ஃப்ரீயா எடுத்துத் தர்றோம்" என்றார்கள். அம்மாவிடம் சொன்னேன். "அந்தத் தண்ணிய அவன் காதுலயே ஊத்திக்கச் சொல்லு" என்றார்.