மோனோபிளாக், ஜெட், சப்மெர்சிபிள்: எந்தக் கிணற்றுக்கு எது?

பம்பு வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை எச்.பி. என்பதைத்தான், கேட்க வேண்டியதோ, கோடையில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்பது. மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக வெளியே நிற்கும் மோனோபிளாக், ஜெட், தண்ணீருக்குள்ளேயே மூழ்கி ஓடும் சப்மெர்சிபிள் ஆகிய மூன்றிலுமே தண்ணீரை வீசுவது மையவிலக்கு இம்பெல்லர் என்ற சுழலும் சக்கரம்தான். அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

150 மி.மீ. விட்டமுள்ள இம்பெல்லர் நிமிடத்துக்கு 2,900 முறை சுழலும்போது, அதன் விளிம்பு வினாடிக்கு ஏறத்தாழ 23 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நடுவில் நுழையும் தண்ணீர் விளிம்புக்கு வீசப்பட்டு, நத்தைக்கூடு போல வரவர அகலும் கூட்டுக்குள் வேகம் தணிந்து, அந்த வேகமே அழுத்தமாக மாறி டெலிவரிக் குழாயில் ஏறுகிறது. நடுவில் அழுத்தம் குறைவதால், கிணற்று நீர்ப்பரப்பை அழுத்திக்கொண்டிருக்கும் காற்று அடுத்த தண்ணீரை மேலே தள்ளுகிறது. ஆகவே, சக்‌ஷன் (உறிஞ்சும்) பக்கத்தில் தண்ணீரை ஏற்றிவிடுவது வளிமண்டலமே. அதன் பலம் கடல்மட்டத்தில்கூட சுமார் 10.3 மீட்டரோடு முடிந்துவிடும். உராய்வு முதலிய இழப்புகள் போக, 6 அல்லது 7 மீட்டருக்கு மேல் நம்ப முடியாது. 5 எச்.பி.யைக் கழற்றிவிட்டு 10 எச்.பி. மாட்டினாலும் இந்த எல்லை நகராது.

தண்ணீர் 20 அடிக்குள் இருந்தால் மோனோபிளாக்கே போதும். விலை குறைவு; எல்லாப் பாகமும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். தொல்லை, குழாயின் அடிமுனையில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வில்தான். அதில் சிறு கல் சிக்கினாலும் இரவோடிரவாகக் குழாய் காலியாகிக் காற்று நிரம்பிவிடும். தண்ணீரைவிடச் சுமார் 800 மடங்கு லேசான காற்றை எவ்வளவு சுழற்றினாலும் போதிய உறிஞ்சல் பிறக்காது. குடம் குடமாக ஊற்றி, குமிழி வருவது நின்ற பிறகே சுவிட்சைப் போட வேண்டும். கசிவை அடைக்கச் சாணியைக் கரைத்து ஊற்றும் கைவைத்தியமும் உண்டு. கொங்குப் பகுதியில் நீர்மட்டம் இறங்க இறங்க மோட்டாரையும் கிணற்றுக்குள் இறக்கி வைத்தார்கள். ஒரு பெருமழையில் அது மூழ்கிவிட்டால் காயில் (மோட்டாரின் கம்பிச்சுருள்) கட்டும் செலவு தனி. இப்படி மட்டம் ஏறி இறங்கும் கிணற்றுக்கு, தண்ணீருக்குள்ளேயே படுத்துக்கிடக்கும் ஓப்பன்வெல் சப்மெர்சிபிளே என் தேர்வு.

ஜெட் பம்பு, தான் ஏற்றிய தண்ணீரில் ஒரு பங்கைத் திரும்பவும் கீழே அனுப்பி, நாசில் வழியே பீறிட வைத்து, சுற்றியுள்ள தண்ணீரையும் சேர்த்து மேலே கொண்டுவருகிறது. கிணற்றுக்குள் சுழலும் பாகம் எதுவும் இல்லை. ஆனால் ஏற்றியதையே இறக்கி ஏற்றுவதால் மின்சாரம் வீணாகிறது. வீட்டுத் தொட்டிக்குப் பொறுத்துக்கொள்ளலாம், தோட்டத்துக்கு வேண்டாம்.

ஆழமான போருக்கு, அதாவது ஆழ்துளைக் கிணற்றுக்கு, சப்மெர்சிபிளே வழி. தண்ணீருக்குள் இருப்பதால் அது தள்ளினால் போதும். ஆனால் குறுகிய போரில் பெரிய இம்பெல்லர் நுழையாது. விட்டம் பாதியானால், அதே வேகத்தில் ஏறும் உயரம் கால்பங்காகிவிடும். அதனால்தான் பல இம்பெல்லர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். ஸ்டேஜ் எனப்படும் இந்த அடுக்கு கூடினால் ஏறும் உயரம்தான் கூடுமே தவிர, இம்பெல்லர் கடத்தும் தண்ணீரின் அளவு கூடாது. மோட்டாரைக் குளிர்விப்பதும் சுற்றியோடும் தண்ணீரே என்பதால், போர் வற்றிய பின்னும் ஓடவிட்டால் காயில் கருகும். பழுது பார்க்க மொத்தக் குழாயையும் உருவ வேண்டும். மூன்று ஃபேஸ் மோட்டார் தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் வரத்தான் செய்யும். ஆகையால், புதிதாக இறக்கிய பம்பு குறைவாக இறைத்தால், போரைக் குறை சொல்வதற்கு முன், மின்பணியாளரை வைத்துப் பேனலில் இரண்டு ஃபேஸ் வயர்களை மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும்.